மகாராஜாவின் மன்றம் – 7: சாலியர் தெருவில் வழிமறிப்பு

சென்ற வாரம், 1888 ஆகஸ்ட் 23ஆம் தேதி திருவனந்தபுரத்தில் எட்டுப் பேர் கூடிய, திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் முதல் சட்ட மன்றத்தோடு நிறுத்தியிருந்தோம். ஆறு பேர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். இரண்டு பேர் வெளியாட்கள். தலைமை, திவான் ராமராவ். சட்டம் செய்வதற்கென்றே ஓர் இந்தியச் சமஸ்தானத்தில் உட்கார்ந்த முதல் மன்றம் அதுதான். மைசூரில் திவான் ரங்காச்சார்லு 1881லேயே ஒரு பிரதிநிதி சபையைக் கூட்டியிருந்தார். ஆனால் அங்கே பேசலாம், சட்டம் செய்ய முடியாது. சரி, இந்த எட்டுப் பேர் இருக்கும் இடத்துக்கு அடுத்து வரப்போகிறவர்கள் யார்? அவர்களை உள்ளே தள்ளியது எது?

விடை தலைநகரத்தில் இல்லை. தெற்கே, நேமம் தாண்டி, நாகர்கோவில் போகும் சாலையில் பாலராமபுரம் வரைக்கும் நாம் போயாக வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாலராமபுரம் என்றால் ஒரு நெரிசலான சந்திப்பு, அவ்வளவுதான். நேரே போனால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, அப்புறம் களியக்காவிளை. ஒரு பக்கம் திரும்பினால் விழிஞ்ஞம் கடல், மறுபக்கம் காட்டாக்கடை. சந்திப்பை விட்டுச் சற்று உள்ளே நடந்தால் சாலியர் தெருக்கள். மலையாள நாட்டுக்குள் தமிழ்த் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் ஊருக்கு. ஊரை அமைத்தவர், வேலுத்தம்பிக்குப் பிறகு திவானான உம்மிணித் தம்பி. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிவந்து, அரண்மனைக்கு மெல்லிய வேட்டியும் நேரியதும் நெய்து கொடுக்கச் சொல்லிக் குடிவைத்தார்.

தறி, குழித்தறி. ஓடத்தைக் கையால் வீசி நெய்வார்கள். அதைவிடப் பார்க்க வேண்டியது தெருவில் நடக்கும் பாவு வேலை. கஞ்சியில் தோய்த்த பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாக வாரி விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் தெரு நெசவாளிக்குச் சொந்தம். வழிப்போக்கன் ஒதுங்கித்தான் போவான். தொழிலுக்காகத் தெருவை இப்படி வைத்துக்கொள்வதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இந்தத் தெருவில் இன்னொரு விதமான 'ஒதுங்கிப் போ'வும் இருந்தது. அதற்கு நேரம் காலம் கிடையாது. விடிந்தாலும் பொழுது சாய்ந்தாலும் சிலர் ஒதுங்கியே ஆக வேண்டும்.

அந்தச் சிலரில் ஒருவர் 1898ல் ஒதுங்க மறுத்தார்.

*

பாலராமபுரத்திலிருந்து விழிஞ்ஞம் போகும் வழியில் இருக்கிறது வெங்ஙானூர். 1863 ஆகஸ்ட் 28ஆம் தேதி அங்கே ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1855ல், திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. வயலில் அது ஒழிந்ததாகத் தெரியவில்லை. நேற்று அடிமை என்று எழுதப்பட்டவன் இன்றைக்குக் கூலி என்று எழுதப்பட்டான். வேலை அதே வேலை, ஜன்மி என்ற நிலக்கிழாரும் அதே ஜன்மி.

சாலை விஷயமும் அப்படியே. பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்று சர்க்கார் சொல்லித்தான் இருந்தது. சொன்னது காகிதத்தில். எதிரே மேல்சாதிக்காரர் வந்தால் புலையர் வரப்பிலோ சேற்றிலோ இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தோடு மோதினால் காகிதம் எப்போதும் தோற்கும். தாசில்தார் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவரும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்தானே!

1893ல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகள், கழுத்தில் மணி. வெள்ளை வேட்டி, மேல்முண்டு, தலையில் தலைப்பாகை. இந்த ஒவ்வொன்றும் அவர் சாதிக்கு விலக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வெங்ஙானூர்ச் சாலையில் வண்டியை ஓட்டினார். மறித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

வண்டி ஒரு ஆள் காரியம். அடுத்தது கூட்டமாக நடப்பது. 1898ல் அவரும் ஆட்களும் ஆறாலுமூடு சந்தையை நோக்கிப் புறப்பட்டார்கள். பாலராமபுரம் தாண்டி, நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலையில்தான் ஆறாலுமூடு. சந்தைக்குப் போவதில் என்ன கலகம் என்று இன்றைக்குத் தோன்றும். பட்டப்பகலில், நடுச்சாலையில், தலை நிமிர்ந்து, கூட்டமாக. கலகம் அதுதான்.

சாலியர் தெருவுக்கு வந்தபோது வழிமறித்தார்கள். அடி விழுந்தது. இந்த முறை அடிபட்டவர்கள் ஓடவில்லை, திருப்பி அடித்தார்கள். இரு தரப்பிலும் ரத்தம். தெருப் பெயரே கலகத்துக்கு ஒட்டிக்கொண்டது. சாலியத்தெருக் கலகம் என்றுதான் இன்றுவரை அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பழி முழுவதையும் நெசவாளிகள் தலையில் இறக்கிவிட வேண்டாம் என்பது என் கட்சி. அரண்மனைக்கு நெய்தாலும் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மேல் அன்றாடங்காய்ச்சிகள்தான். அங்கே மறித்து நின்றது நிலமும் சாதியும் சேர்ந்து கட்டிய ஓர் ஒழுங்கு. தெரு அதற்கு இடமாக வாய்த்தது.

சேதி பரவியது. மணக்காடு, கழக்கூட்டம், கணியாபுரம் என்று அடுத்தடுத்து மோதல்கள். 1900 வாக்கில் பெரும்பாலான பொதுச்சாலைகளில் புலையர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. இருந்த சட்டத்தைக் காலால் நடந்து எடுத்துக்கொண்டார்கள்.

சாலை கிடைத்தாயிற்று. அந்தச் சாலை போய் முடிவது தலைநகரத்தில். அங்கே சில ஆண்டுகளில் வேறொரு கதவு திறந்தது. யாருக்காக?

*

1904ல் திவானாக வந்தவர் வி.பி. மாதவராவ். அந்த ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முறையாகக் கூடியது. பழைய சட்ட மன்றம் ஒரு பக்கம் இருக்க, இது தனி. நாட்டு மக்களின் குறைகளை ஆண்டுக்கொரு முறை நேரில் கேட்பதற்கான சபை. கேட்பதற்குத்தான். ஓட்டெடுப்பு கிடையாது, சட்டம் கிடையாது, வரவு செலவில் ஒரு காசைக் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. உறுப்பினர் எழுந்து குறையைச் சொல்வார், திவான் பதில் சொல்வார், இரண்டும் அச்சாகும்.

உறுப்பினர் யார்? முதல் ஆண்டு, தாலுகாவுக்கு இரண்டு பேர் என்று அதிகாரிகளே பெயர் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 100 ரூபாய் நிலவரி கட்டும் பெருந்தனக்காரர்களும் வியாபாரிகளும். 1905ல் விதி மாறியது. 100 இடங்களில் 77 தேர்தலுக்கு, 23 நியமனத்துக்கு. ஓட்டு யாருக்கு என்றால், 50 ரூபாய் நிலவரி கட்டுகிறவருக்கு, ஆண்டுக்கு 2000 ரூபாய் வருமானம் உள்ளவருக்கு, பட்டம் வாங்கிப் பத்து ஆண்டு ஆனவருக்கு.

இதை அப்படியே நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் வைத்துப் பாருங்கள். குழிக்குள் கால் தொங்கவிட்டு நாள் முழுக்க ஓடம் வீசுகிற சாலியருக்கு ஓட்டு இல்லை. பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுகிற நாடாருக்கு இல்லை. விழிஞ்ஞத்து மீனவருக்கு இல்லை. புலையருக்கோ வரி கட்ட நிலம் என்று ஒன்று பெயரில் இருந்தால்தானே? ஆக அந்த ஹாலில் பிரஜை என்றால் வரி கட்டுகிற பிரஜை.

இதற்காகத் திருவிதாங்கூரை மட்டும் ஏளனம் செய்ய முடியாது. 1619 ஜூலை 30ஆம் தேதி, வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் குடியேறிகளின் சபை கூடியது. பதினோரு குடியிருப்புகள், குடியிருப்புக்கு இரண்டு பேர், மொத்தம் 22 பேர். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயக் குடியேறிகளின் சுயாட்சி அங்கேதான் தொடங்குகிறது என்று அந்நாட்டுப் பாடப்புத்தகங்கள் கொண்டாடும். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், அதே கரையில், பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள். சபைக்கும் அடிமைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம்தான். தங்களைத் தாங்களே ஆள்வது என்று சிலர் சொல்லும்போது, அந்தத் 'தாங்கள்' எங்கே முடிகிறது என்பதை யார் தீர்மானிப்பது? வர்ஜீனியாவில் அதற்கு ஓர் உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது ஒரு பத்திரிகையாசிரியரா, ஒரு திவானா, அல்லது வெங்ஙானூர் வண்டிக்காரரா?

பத்திரிகையாசிரியரிலிருந்து தொடங்குவோம். அவர் நெய்யாற்றின்கரைக்காரர்.

*

கே. ராமகிருஷ்ண பிள்ளை. பிறந்தது 1878. வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி'க்கு ஆசிரியர். அச்சகமும் முதலும் மௌலவியுடையவை, பேனா பிள்ளையுடையது. ஆசிரியர் எழுதுவதில் முதலாளி தலையிட்டதில்லை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியைப் பிள்ளை கிழித்த கிழியைப் படித்தால் இன்றைக்கும் கை நடுங்கும். லஞ்சம், வேண்டியவர்களுக்கு வேலை, அரண்மனைச் செல்லப்பிள்ளைகள் என்று ஒன்றையும் விடவில்லை. 1908ல் நெய்யாற்றின்கரையிலிருந்து பிரஜா சபைக்கே அவர் தேர்வானார். அந்தத் தேர்வு செல்லாதென்று ஒதுக்கப்பட்டது. குறை கேட்பதற்காக வைத்த சபைக்கே குறை சொல்கிற ஆள் வேண்டாதவராகிவிட்டார்!

1910 செப்டம்பர் 26ஆம் தேதி அரசாணை வந்தது. பத்திரிகை நிறுத்தம், அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடு கடத்தல். திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வரவே இல்லை. 1916ல் கண்ணூரில் இறந்தபோது வயது 38கூட நிறையவில்லை.

இதுவரை படித்தால் பிள்ளை நாயகர், திவான் வில்லன். வரலாறு அவ்வளவு சுலபமாக நமக்கு வேஷம் பிரித்துத் தருவதில்லை.

நாடு கடத்தப்படுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1910 மார்ச்சில், இதே பிள்ளை ஒரு தலையங்கம் எழுதினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அரசின் கொள்கையைப் பற்றி. தலைமுறை தலைமுறையாகப் புத்தியைப் பழக்கிய சாதிகளின் பிள்ளைகளையும் நிலத்தை உழுதுகொண்டிருந்த சாதிகளின் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்குச் சமம் என்று அவர் வாதாடினார். சர்வாதிகாரத்தின் முன் வளையாத பேனா அது. கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதிய பேனாவும் அதுதான். பாலராமபுரத்திலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும் ஊரில் பிறந்தவர், பக்கத்து வயல்களில் நிற்கும் பிள்ளைகள் விஷயத்தில் சாலியர் தெருவில் மறித்து நின்றவர்களின் பக்கமே நின்றார்.

அப்படியென்றால் அந்தப் பிள்ளைகளுக்காக அந்த ஹாலில் வாய் திறந்தது யார்?

*

முதலில் வாய் திறந்தவர் ஒரு நாயர். 'சுபாஷிணி' ஆசிரியர் பி.கே. கோவிந்த பிள்ளை. புலையர் குறைகளைச் சொல்ல அவரைத்தான் நியமித்திருந்தார்கள். 1911 பிப்ரவரியில் அவர் எழுந்து, அவர்களுக்கு வேண்டிய நிலத்தைப் பற்றிப் பேசியதோடு, அவர்களுடைய சாதியிலிருந்தே ஒருவரை இந்தச் சபைக்கு எடுங்கள் என்றும் கேட்டார். தன் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்று ஒரு சபையில் ஒருவர் கேட்பது அபூர்வம். அந்தக் காலத்திலும் அபூர்வம், எந்தக் காலத்திலும் அபூர்வம்.

1911 டிசம்பரில் நியமனம் வந்தது. வெங்ஙானூர் அய்யன்காளி, பிரஜா சபை உறுப்பினர். கையெழுத்துப் போட்டு நியமித்தவர், சுதேசாபிமானியை நசுக்கிய அதே ராஜகோபாலாச்சாரி! 23 நியமன இடங்கள் சர்க்காருக்கு வேண்டியவர்களுக்காக வைத்தவை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓட்டுப் பெட்டிக்குள் ஒருநாளும் நுழைய முடியாத ஒருவர் நுழைந்தது அந்தக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான். திவானின் நோக்கம் கருணையா, நாயர்களின் செல்வாக்கைக் கொஞ்சம் தட்டிவைக்கும் சூழ்ச்சியா? இரண்டும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆட்சியாளர்கள் ஒரே காரணத்துக்காக ஒரு காரியம் செய்வது குறைவு.

1912 பிப்ரவரி. ஜூபிலி டவுன் ஹால். ஜன்மிகள், வக்கீல்கள், வியாபாரிகள் உட்கார்ந்திருந்த வரிசையில், எழுதப் படிக்கத் தெரியாத, தலைப்பாகை கட்டிய ஒருவர். வெளியில் தீண்டினால் குளிக்க வேண்டும். உள்ளே அவர் பெயர் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். அவர் எழுந்து கேட்டது நிலம். தரிசாகக் கிடக்கும் புதுவல் நிலத்தை எங்கள் ஆட்களுக்குப் பதித்துக் கொடுங்கள், குடியிருக்க மனை கொடுங்கள். வேறு எதையும் முன்னே வைக்காமல் நிலத்தைக் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டிருப்பவன் ஜன்மியை எதிர்த்துப் பேசினால் ராத்திரியே குடிசை போகும். வரி கட்ட நிலமில்லாதவனுக்கு ஓட்டும் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்க உத்தரவானது. முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத, கேட்க மட்டுமே முடிந்த ஒரு சபையிலிருந்து 500 ஏக்கர்! அதன் சூட்சுமம் அச்சில் இருந்தது. திவான் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னது அச்சாகிவிடும், அடுத்த ஆண்டு அதே ஆள் அதே இடத்தில் எழுந்து, சொன்னீர்களே என்ன ஆயிற்று என்று கேட்பார். அய்யன்காளி அப்படியே கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சபையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நிலம், பள்ளிச் சம்பளச் சலுகை, சர்க்கார் வேலை.

கேட்காமலும் இருக்கவில்லை, கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. திவான் உத்தரவு போட்டால் அது டிவிஷன் பேஷ்காருக்குப் போகும். அவரிடமிருந்து தாசில்தாருக்கு. தாசில்தாரிடமிருந்து பகுதி பார்வத்தியக்காரருக்கு. பார்வத்தியக்காரர் அந்த ஊர்க்காரர். ஊரில் யார் முகம் சுளித்தால் தனக்குச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். உத்தரவு அவருடைய மேஜையில் தூங்கும். அதை எழுப்பும் வேலையை சபைக்கு வெளியே சாது ஜன பரிபாலன சங்கம் செய்தது. அய்யன்காளி 1907ல் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் வேலையை நிறுத்தினார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. கூலி இல்லாத அந்த நாட்களில் விழிஞ்ஞத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் அவர்களை ஏற்றிக்கொண்டு வேலை கொடுத்தார்கள். ஓட்டில்லாதவருக்கு ஓட்டில்லாதவர் கைகொடுத்த இந்தச் சேதி பிரஜா சபைக் குறிப்பில் வராது.

பிற்பாடு நடந்தவற்றை இங்கே வேகமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாக அந்தந்த அத்தியாயத்தில். 1932ல் இரண்டு அவைகள் கொண்ட சட்டசபை வந்தது. ஈழவர், முஸ்லிம், கிறிஸ்தவர் எங்களுக்குரிய பங்கு எங்கே என்று தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி இதே நெய்யாற்றின்கரையில், பொறுப்பாட்சி கேட்ட கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. 1948ல்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தமிழ்த் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரையைக் கேட்ட தமிழர்களுக்குக் கிடைத்தது பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு. சாலியர் தெரு கேரளப் பக்கமே தங்கிவிட்டது. ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019ல் பெயர் மாறியது. இப்போது அது அய்யன்காளி ஹால்.

ஆனால் 1912ல் அய்யன்காளிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கையில் இருந்தது பள்ளிக்கூடங்களைப் புலையர் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லும் அரசாணை ஒன்று. அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடைப் பக்கம் போகும் வழியில் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். 1914ல் ஒருநாள் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு அதன் வாசலில் போய் நின்றார். அரசாணை இருக்கிறது, உள்ளே விடுங்கள் என்றார்.

சிறுமி உள்ளே போனாள், பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊர் திரண்டது. பள்ளிக்கூடம் தீப்பற்றி எரிந்தது. அந்தத் தீயில் பாதி கருகி மிஞ்சிய பெஞ்சு ஒன்று இன்றும் அதே பள்ளியில் இருக்கிறது. சரி, தீ அந்தப் பள்ளியோடு நின்றதா? பிரஜா சபையில் உட்கார்ந்திருந்த ஜன்மிகள் என்ன செய்தார்கள்? ராஜகோபாலாச்சாரி பதவியைவிட்டுப் போகும் ஆண்டும் அதுதான். அவர் போட்ட ஆணையைக் காப்பாற்ற அடுத்து வந்தவர் முன்வந்தாரா?

(தொடரும்)